பாத்துக் குடுங்க

“இந்த ரெண்டுல எது வெள்ளை, சொல்லு பாப்போம்.”

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மூத்தவளின் மூக்குக்கு நேராக அப்பா கலர் அட்டையை நீட்டினார். நகத்தளவு கட்டங்கள். அவர் கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

“ரெண்டும் வெள்ளைதாம்ப்பா.”

“எஞ்சினியர் சொல்ற பதிலா இது? நல்லாப் பாரு. இதுல துளி மஞ்சள் இருக்கு, அதுல துளி நீலம். வீட்டுக்காரம்மாவுக்கு நீலம் இருக்கிறதுதான் வேணுமாம். அடிச்சப்புறம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு என்னைத்தான் திட்டப்போறாங்க.”

“திட்டினா மஞ்சளை அடிங்க. எனக்குப் பஸ் போகுது.”

“போ, போ. டிரைவர் உன்னைக் காணாம அழுதுக்கிட்டிருப்பான்.”

அவ்வளவுதான். மூத்தவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அன்று மத்தியானம் அந்த வீட்டுக்காரம்மாவின் வீட்டு மாடிப்படியில், கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த பெயிண்டர் அப்பா எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமே வந்து போய்விட்டது. வீட்டில் இப்போது மூன்று பேர்: அம்மா, மூத்தவள், தம்பி. ஆளுக்கொரு மூலையில் தங்கள் துக்கத்தை வைத்துக்கொண்டு, அடுத்தவர் காலில் அது இடறிவிடாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

பெயிண்டரின் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அவர் கூலி பேசமாட்டார். வேலைக்கு முன்னாலும் பேசமாட்டார், முடித்த பிறகும் பேசமாட்டார். எவ்வளவு ஆகும் என்று யாராவது கேட்டால், தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, “நீங்களே பாத்துக் குடுங்க” என்பார். விலை சொன்னால் தன் கை வேலையைத் தானே சந்தைக்குக் கொண்டுபோய் நிறுத்தியதுபோல் அவருக்கு. அவர் போனபோது வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மனுஷன் வாயைத் திறந்து கேட்டதே இல்லை என்றார்கள். அந்தப் பேச்சில் வீட்டுக்கு ஒரு பெருமை இருந்தது.

மூத்தவள் படித்தது கட்டிட எஞ்சினியரிங். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். வேலை பார்ப்பது ஒரு கட்டுமான நிறுவனத்தின் மதிப்பீட்டுப் பிரிவில். வரைபடத்தை விரித்துவைத்து, இந்தச் சுவருக்கு எத்தனை செங்கல், பூச்சு எவ்வளவு, பெயிண்ட் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் விலை போடுவாள். டெண்டரில் அவள் போட்ட விலை பிசகியதில்லை என்று பெயர். அப்படிப்பட்டவளை அந்த நிறுவனத்தின் இன்டர்வியூவில், “என்ன சம்பளம் எதிர்பார்க்கறீங்க?” என்று கேட்டார்கள்.

“நீங்களே பாத்துக் குடுங்க, சார்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “அதான் என் பொண்ணு” என்று தெருமுனை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

போன வாரம் கேன்டீனில்தான் மைனா வாய் தவறிச் சொன்னாள். மைனா என்பது கல்லூரியில் வைத்த பட்டப்பெயர். ஓயாமல் பேசுவாள், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டாள். ஒரே பெஞ்சில் படித்து, மூத்தவளின் நோட்டைப் பார்த்து எழுதிப் பாஸ் செய்து, அதே நிறுவனத்தில் அதே நாளில் சேர்ந்தவள். அவள் சம்பளம் மூத்தவளுடையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

“உனக்கும் அதேதானேடி?” என்றாள் மைனா. மூத்தவள் முகத்தைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த டம்ளர் அந்தரத்தில் நின்றது.

“நீ என்னடி கேட்டே அவங்ககிட்ட?”

“நான் எங்கே கேட்டேன்? எங்கப்பாவும் சித்தப்பாவும் சாப்பாட்டு மேஜையில என்னை உக்கார வெச்சு ஒரு வாரம் ஒத்திகை பாத்தாங்க. சித்தப்பாதான் மேனேஜரா நடிச்சாரு. அவங்க முதல்ல சொல்ற எண்ணைக் கேட்டுச் சிரிக்கணுமாம், ஆனா சரின்னு சொல்லக்கூடாதாம். ஒத்துவரலைன்னா வந்துடு, ஆறு மாசம் வீட்ல இருந்து வேற பாக்கலாம்னாரு அப்பா.”

வீட்டில் ஆறு மாதம் இருப்பதா! மூத்தவளின் முதல் சம்பளத்துக்கு, அது வருவதற்கு முன்பே செலவுகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்படி மனசை அறுக்கிற விஷயத்தை எல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆளிடம், அப்பாவிடம். அந்த ஆள் இருந்திருந்தாலும் இதை மட்டும் அவரிடம் சொல்லியிருக்க முடியாது.

*

இன்று தம்பிக்கு முதல் இன்டர்வியூ. கணக்குப் படித்தவன். சரக்கு லாரிகள் ஓட்டும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஒரு ஆள் எடுக்கிறார்கள்.

காலையிலிருந்து கண்ணாடி முன்னாலேயே நின்றான். “அக்கா, இந்தக் காலர் சரியா இருக்கா? பின்னாடி தூக்கிக்கிட்டு இருக்கே.”

“உன் காலரைப் பாத்தா வேலை குடுக்கப்போறாங்க? நில்லு, நான் மடிச்சு விடறேன்.”

“சம்பளம் கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்குப் பயமே இல்ல. அப்பா சொல்ற மாதிரி சொல்லிடுவேன்.”

மூத்தவளின் கை காலரிலேயே நின்றது. “அதைச் சொல்லாதே.”

“எதை?”

“பாத்துக் குடுங்கன்னு சொல்லாதே. ஒரு எண்ணைச் சொல்லு.” மைனாவுக்குச் சேரும்போது கிடைத்த சம்பளத்தைச் சொன்னாள்.

தம்பியின் கண் விரிந்தது. “அவ்வளவா? அடிச்சுத் துரத்திடுவாங்கக்கா! நீ அப்படியா சொன்னே?”

“நான் சொல்லலை. அதான் சொல்றேன். நான் பண்ணின முட்டாள்தனத்தை நீயும் பண்ணாதே.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

“எது முட்டாள்தனம்?”

“அம்மா, நான் அப்பாவைச் சொல்லலை...”

“வேற யாரைச் சொன்னே? அந்த வார்த்தையைச் சொல்லித்தான் மனுஷன் உங்க ரெண்டு பேரையும் படிக்க வெச்சாரு. அவர் போய் முழுசா ஒரு வருஷம் ஆகலை, அதுக்குள்ள முட்டாளாயிட்டாரா?”

“பெயிண்ட் அடிக்கிற இடம் வேற, ஆபீஸ் வேறம்மா. அங்கே பாத்தெல்லாம் குடுக்கமாட்டாங்க.”

“உனக்குத் தெரியாததைப் பேசாதே” என்றாள் அம்மா. இன்னும் ஏதோ சொல்ல வாய் எடுத்தவள், தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பி இருவருக்கும் நடுவில் சிக்கி விழித்தான். மூத்தவள் அவன் தோளில் தட்டினாள். “நான் சொன்ன எண்ணைச் சொல்லு. அவ்வளவுதான்.”

அவள் கிளம்பும்போது அம்மா எப்போதும் கேட்கிற “சாப்பாட்டை எடுத்துக்கிட்டியா” என்ற கேள்வி வரவில்லை. சாப்பாட்டுப் பை மட்டும் வாசலில் இருந்தது.

*

ஆபீஸில் அன்று மூத்தவளுக்கும் ஒரு சந்திப்பு. வருடத்துக்கு ஒருமுறை பிரிவுத் தலைவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். போன வருடங்களில் அவள் உள்ளே போய், நன்றி சார் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்த சூடு நாற்காலிக்கு ஏறுவதற்குள் வெளியே வந்தவள்.

இன்று அவள் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் ஏதாவது சொல்லணுமா?” என்றார் தலைவர். நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

“சம்பளம், சார். என்கூடச் சேர்ந்தவங்களைவிட எனக்குக் குறைவா இருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுக்கவில்லை. “இத்தனை வருஷமா நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே. உங்களுக்குத் திருப்திதான்னு நினைச்சுக்கிட்டோம்.”

“கேக்கலாம்னு தெரியாது, சார்.”

அவர் சிரித்தார், கேலியாக அல்ல. “எல்லாருக்கும் ஒரே விகிதத்துலதான் ஏத்தறோம். ஆனா நீங்க ஆரம்பிச்ச தளம் தாழ்வா இருக்கு. அதுமேல எத்தனை மாடி கட்டினாலும் பக்கத்துக் கட்டிடம் உசரமாத்தானே தெரியும்? உங்க தோழியோட அப்பாவை எனக்குத் தெரியும். விவரமா வளர்த்திருக்காரு. உங்க அப்பா என்ன பண்றாரு?”

“பெயிண்டர், சார்.”

“ஓ, பெயிண்டிங் கான்ட்ராக்டா?”

“இல்ல சார். பெயிண்டர். இப்போ இல்லை.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “சாரிம்மா” என்றார். பிறகு, “திங்கட்கிழமை வாங்க. எவ்வளவு வேணும்னு ஒரு எண்ணோட வாங்க. ஆனா வெறும் எண் போதாது. ஏன் அந்த எண்ணுன்னு நான் கேப்பேன், எனக்கு மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்க. பதில் இருக்கணும்.”

ஏன் அந்த எண்! கதவைச் சாத்தும்போதுதான் மூத்தவளுக்குச் சுரீரென்றது. வெறும் எண்ணை மட்டும் கையில் கொடுத்து ஒருவனை அனுப்பியிருக்கிறாளே! மைனாவுக்கு ஒரு வாரம் ஒத்திகை. தம்பிக்கு, காலர் மடிக்கிற நேரம்.

நடைக்கூடத்தில் நின்றபடியே அவனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். மறுபடி போட்டாள். உள்ளே போயிருப்பான்.

இருக்கைக்குத் திரும்பிப் பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றின் சுவர்களை அளக்க உட்கார்ந்தாள். ஜன்னல் இடத்தைக் கழிக்க மறந்து, முழுச் சுவருக்கும் பெயிண்ட் கணக்குப் போட்டாள். அவள் இப்படிப் பிசகுவது இது முதல்முறை. எதிர் மேஜையில் மைனா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். கேன்டீன் பேச்சுக்குப் பிறகு ஓயாமல் பேசுகிறவளுக்கும் பேச்சு வரவில்லை.

*

சாப்பாட்டு வேளையில் தம்பி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான். காலர் பழையபடி தூக்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“சொன்னியா?”

“சொன்னேன். மூணு பேர் உக்காந்திருந்தாங்க. நடுவுல இருந்த வழுக்கைத் தலை, ஏம்ப்பா அவ்வளவுன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“எனக்கு என்ன தெரியும்? எங்கக்கா சொன்னாங்க, சார்னேன்.”

மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அக்கா என்ன பண்றாங்கன்னாரு. எஞ்சினியர்னேன். அப்போ அவங்களுக்கு அவ்வளவு வருதான்னாரு. இல்ல சார், அவங்களுக்கு அவ்வளவு வரலைன்னேன்.” தம்பி தரையைப் பார்த்தான். “மூணு பேரும் சிரிச்சாங்க. டீ குடுக்க வந்தவரும் சிரிச்சாரு.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அவன் காலரை மடித்துவிட்டாள்.

“வேலை?”

“அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல குடுப்பாங்களாம். யோசிச்சு வை, காலையில கூப்பிடறோம், உடனே பதில் சொல்லணும்னாங்க. வேற ரெண்டு பேர் வெளியில காத்திருக்காங்களாம்.” “அப்பா சொன்ன மாதிரி சொல்லியிருந்தா மரியாதையாவது மிஞ்சியிருக்கும்க்கா.”

சாப்பாட்டுப் பையைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். அவன் தின்றான். பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டு, ஏற்றிக்கொண்டு போயின. பக்கத்தில் கூடப்பிறந்தவன் உட்கார்ந்திருந்தும், அத்தனை பெரிய சாலையில் தான் ஒற்றையாய் விடப்பட்டதுபோல் அவளுக்கு இருந்தது. இந்த மாதிரிக் காரியங்களைத் தெரிந்த ஒருவர், ஒரே ஒருவர், தங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம். தகப்பன், சித்தப்பா, யாராவது.

*

சாயங்காலம் மூவரும் ஒரே அறையில் இருந்தார்கள். தம்பி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். டீ கொடுக்க வந்தவர் சிரித்தது வரைக்கும்.

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் என்ன நினைச்சுக்கிட்டிருக்கீங்க? உங்கப்பா பாத்துக் குடுங்கன்னு சொன்னா எல்லாரும் பாத்துக் குடுத்தாங்கன்னா?”

“குடுக்கலையா?”

“பாப்பாங்க. நல்லாப் பாப்பாங்க. பாத்துட்டுப் பாதி குடுப்பாங்க. இவர் அதை எண்ணிக்கூடப் பாக்காம கொண்டுவந்து என் கையில குடுப்பாரு. மறுநாள் இவர் வேற வேலைக்குக் கிளம்பிப் போனதும் நான் போவேன்.”

“எங்கே?”

“அந்த வீட்டுக்கு. முன்வாசல்ல போகமாட்டேன். பின்பக்கமாப் போய், பாத்திரம் கழுவற இடத்துல நிப்பேன்.”

மூத்தவளுக்கு ஞாபகம் வந்தது. மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன், வெயில் மண்டையைப் பிளக்குது என்று சொல்லிக்கொண்டு அம்மா வெறுங்கையோடு வந்து உட்கார்ந்த எத்தனை மத்தியானங்கள்!

“போய்... கேப்பியா?”

“உடனே கேட்டா நாயைவிடக் கேவலமாப் பாப்பாங்க. முதல்ல பிள்ளைங்க நல்லா இருக்காங்களான்னு கேப்பேன். அப்புறம் சுவரைப் பாப்பேன். பேசாம ரொம்ப நேரம் பாப்பேன். பழைய சுவரு சுரண்டியிருக்காரு, விரிசலை அடைச்சிருக்காரு, மூணு கோட் குடுத்திருக்காரு, பக்கத்துத் தெருவுல இதுக்கு இவ்வளவு குடுத்தாங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்வேன். மீதி வரும். சில இடத்துல உள்ளே கூப்பிட்டு உக்கார வெச்சுக் குடுப்பாங்க. சில இடத்துல வெயில்ல நிக்கவிட்டுக் குடுப்பாங்க. எப்படியோ குடுத்தாங்க. நீங்க படிச்சீங்க.”

“அப்பாவுக்குத் தெரியுமாம்மா?”

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். “தெரியாமலா இருக்கும்? ஆனா அவர் கேக்கலை. நானும் சொல்லலை. அவர் வாயைத் திறக்காதவர்னு நாலு பேர் சொல்றப்போ அவர் முகம் எப்படி இருக்கும், பாத்திருக்கியா? அதுக்காகச் சொல்லலை.”

அவ்வளவு காலம், ஒரே கூரைக்குக் கீழே, இருவரும் ஒன்றாய்ச் செய்த வேலையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போனதோ அப்பா செய்த பாதியை மட்டும்.

அம்மா மூத்தவளைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள். “நீ பாத்துக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்தியே. உனக்கு யாரு போய் மீதியைக் கேட்டா?”

“யாரும் கேக்கலைம்மா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே. பாத்துதான் குடுத்தாங்கன்னு நானும் நினைச்சுட்டேன். ஆபீஸ், படிச்சவங்க, ஏமாத்தமாட்டாங்கன்னு.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “உங்க ஆபீஸுக்குப் பின்வாசல் இருக்கா?”

“இருக்கும்மா. லிஃப்ட் ரிப்பேருக்கு வர்றவங்க வர்ற வாசல்.”

“அங்கே வந்து நிக்கட்டா?”

தம்பிதான் முதலில் சிரித்தான். பிறகு மூத்தவள். அப்பா போன பிறகு அந்த அறையில் முதல் சிரிப்பு. அம்மா, “என்னடி சிரிப்பு, நிஜமாத்தான் கேக்கறேன்” என்று சொல்லச் சொல்ல அது அதிகமாகி, கடைசியில் மூத்தவள் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று மற்ற இருவரும் கேட்கவில்லை.

அது அடங்கியதும் அம்மா தம்பியைத் தன் எதிரில் உட்காரச் சொன்னாள்.

“காலையில அந்த வழுக்கைத் தலை கூப்பிட்டா உடனே பதில் சொல்லாதே. முதல்ல அவர் கம்பெனியைப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லு. அப்புறம் உனக்கு என்னென்ன தெரியும்னு ஒவ்வொண்ணாச் சொல்லு. நான் சுவரைச் சொல்ற மாதிரி. இப்போ நான்தான் அவரு. சொல்லு.”

“உங்க கம்பெனி லாரி எல்லாம்... நல்லா ஓடுது, சார்.”

“அட மக்கு, லாரி ஓடாம பறக்குமா? மறுபடி சொல்லு.”

அவன் மறுபடி சொன்னான். அம்மா வழுக்கைத் தலையாக முறுக்கிக்கொண்டு மறுத்தாள். மூத்தவள் நடுநடுவே எடுத்துக் கொடுத்தாள். காலையில் அந்தப் போன் எப்படி முடியும் என்று மூவரில் யாருக்கும் தெரியாது. வெளியில் காத்திருந்த அந்த இரண்டு பேர் எவ்வளவு கேட்டிருப்பார்கள், அதுவும் தெரியாது. திங்கட்கிழமை அந்த அறைக்குள் மூத்தவள் ஒற்றையாகத்தான் போகவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. அம்மா வந்து நிற்கக்கூடிய இடம் எதுவும் அந்த மாடியில் இல்லை.

தம்பி முகம் கழுவப் போனான். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

“அம்மா, அப்பா கடைசியாச் செஞ்ச வேலை. அதுக்குப் போனியா?”

அம்மா தலையை ஆட்டினாள், இல்லை என்று.

“ஏம்மா?”

“போகணும். போய் நின்னா அவங்க குடுத்துடுவாங்க. வாங்கிட்டா அந்த வேலை முடிஞ்சுபோயிடும்.”

மூத்தவள் கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய் விளக்கைப் போட்டாள். அது எப்போதும்போல் கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு, பிறகு எரிந்தது.